போனுக்குக் காட்டிய ‘அ’

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. என்ன பிரயோஜனம்? நான்கு வயது மகள் ஜாய்க்கு ‘அ’ எழுதப் பழக்க முடியவில்லை. ஒரு மாதமாக இடவலம் மாற்றியே எழுதுகிறாள்.

"ஏட்டி, உனக்குக் கண்ணு பின்னாடியா இருக்கு?" என்று நேற்று சிலேட்டைப் பிடுங்கினேன்.

"இப்படி எழுதுனாத்தாம்மா போன்ல சரியா தெரியுது" என்று அழுதாள்.

கத்தாரிலிருந்து தினமும் வீடியோ காலில் வரும் அப்பாவுக்கு அவள் சிலேட்டைத் தூக்கிக் காட்டுவாள். திரையின் மூலையில் தன் படம் கண்ணாடி போலத் திரும்பித் தெரிவதால், அதில் சரியாக வரும்படி மாற்றி எழுதியிருக்கிறாள். அவருக்கு அது தப்பாகத்தான் தெரிந்திருக்கும். அவரோ தினமும் "சூப்பர்" என்றார்.

இன்று தென்காசி முழுக்கச் சாரல். கால் வந்ததும், ஜாய் குச்சி தேடுவதற்குள் நானே வெறும் சிலேட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

"என்னங்க, பாருங்க."

"சூப்பர்ட்டி செல்லம்!" என்றார். கண் வேறெங்கோ இருந்தது.

"நான் இன்னும் எழுதவே இல்லியேம்மா" என்றாள் ஜாய்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எழுதிட்டு எங்கிட்ட காட்டு. நான் பாக்கேன்."