மேஸ்திரி முறித்த தொழுகை

தண்டையார்பேட்டையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியிருந்த விறகுத் தொட்டிக்குக் கலீலுல்லாதான் மேஸ்திரி. வடக்கேயிருந்து படகில் வரும் சவுக்குக் கட்டைகளை இறக்கி அடுக்குவது அவருடைய ஆட்களின் வேலை. மாலைத் தொழுகையான அஸர் நேரம் வந்தால் வேலை நிற்கும். குழாயடியில் முகம் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டுக் கரையில் பாய் விரிப்பார்கள். மேஸ்திரி முன்னால் நின்று தொழவைப்பார்.

தொழுகையில் அவர் கண்டிப்பானவர். எதை விட்டால் தொழுகையே கூடாது, எதை மறந்தால் கடைசியில் நெற்றி தரையில் பட இரண்டு ஸஜ்தா செய்து சரிக்கட்டலாம், எதை விட்டால் நன்மை மட்டும் குறையும் என்று ஃபர்ளு, வாஜிபு, சுன்னத்தை அவர் பிரித்துச் சொன்னால் மறுபேச்சே இருக்காது. ஒருமுறை, பக்கத்தில் நின்றவன் தும்மியதற்குப் ஆட்களில் ஒருவனான கமால் பழக்கதோஷத்தில் தொழுகை நடுவிலேயே 'அல்லாஹ் உனக்கு அருள்வானாக' என்று பதில் சொல்லிவிட்டான்.

"இன்னொருத்தன்கிட்ட பேசிட்டே. உன் தொயுகை அதோட போச்சு. திருப்பித் தொயு" என்று அவனைத் தனியாக நிற்கவைத்தார்.

ஐம்பத்தொன்றாம் வருஷ மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தொட்டி முழுக்கச் சேறு. ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய சவுக்கு நனைந்து கனத்துக் கிடந்தது. கால்வாய்க் கரைக் குடிசையில் இருந்த கன்னியம்மா, அடுப்புக்குப் பட்டை உரித்துக்கொள்ள அன்றும் வந்திருந்தாள். மேஸ்திரிதான் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

அஸர் தொழுகையில் ஓதுவது வெளியே கேட்காது. எல்லோரும் மௌனமாக நின்றிருந்தார்கள். இடப்பக்கம் கன்னியம்மா பட்டை உரிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தொழுகையின் முதல் சுற்று முடிந்து மேஸ்திரி இரண்டாவது ரக்அத்துக்கு எழுந்து நின்றபோது இன்னொரு சத்தம் கேட்டது. அடுக்குக்குக் கொடுத்திருந்த முட்டுக்கட்டை மண்ணை விட்டு நெகிழும் சத்தம். அது என்னவென்று அவருக்கு ஒரு கணம்கூடச் சந்தேகமில்லை.

"கன்னிம்மா! எழுந்து ஓடு!"

கத்திக்கொண்டே பாயை விட்டுப் பாய்ந்தார். அவள் திடுக்கிட்டு எழுந்தாள், ஆனால் சேற்றில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். மேலிருந்து முதல் கட்டை உருண்டது. மேஸ்திரி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். உருண்டு வந்த கட்டை அவருடைய இடது மணிக்கட்டில் மோதியது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அடுக்கு மொத்தமாகச் சரிந்து விழுந்தது.

கமாலும் மற்றவர்களும் ஓடிவந்து, மிச்ச அடுக்கு சாயாதபடி தோள் கொடுத்துப் புது முட்டு நிறுத்தினார்கள். உசேன் மட்டும் பாயை விட்டு அசையவில்லை. தனியாகவே தொழுது முடித்து ஸலாம் கொடுத்துவிட்டு வந்தான்.

கன்னியம்மாவின் தோள் சிராய்த்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் அதை ஒற்றிக்கொண்டே கேட்டாள்: "தொயுகைய வுட்டுட்டு ஓடியாந்துட்டியே பாய்! உன் சாமி கோச்சிக்காதா?"

"அவன் சொல்லித்தாம்மா வந்தேன்" என்றார் மேஸ்திரி.

உசேனுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னா மாமு, இப்டி சொல்றே? தும்மலுக்குப் பேசுனவனயே திருப்பித் தொயவெச்சே. நீ பர்ளுத் தொயுகைய நடுவுல முறிக்கலாமா?"

"முறிக்கணும்டா. ஒரு உயிரு போறப்ப, அதக் காப்பாத்துறதுதான் அங்க பர்ளு. நான் அங்கியே நின்னுகினு இருந்தாத்தான் பாவம்."

"அப்ப கடசீல ஸஜ்தா செஞ்சிட்டா போதுமா?" என்று கமால் கேட்டான்.

"அது மறந்து வுட்டதுக்கு. நான் மறக்கல, தெரிஞ்சேதான் வுட்டேன். முதல்லேருந்து தொயணும். டைம் கீது, வாங்க."

"நான் முடிச்சிட்டேன்" என்றான் உசேன்.

"முடிக்கலடா. உங்களுக்கு முன்னால நின்னவன் நான். என்னுது முறிஞ்சப்பவே பின்னால நின்ன உன்னுதும் முறிஞ்சி போச்சு."

உசேன் பதில் பேச வாயெடுத்தான். அதற்குள் கன்னியம்மா கட்டைக் குவியலைப் பார்த்தாள். அதன் அடியில் அவளுடைய கூடை தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உசேனும் அந்தக் கூடையைப் பார்த்தான். முட்டுக்கட்டை நெகிழ்ந்த சத்தம் அவனுக்கும் கேட்டுத்தான் இருந்தது.

"பயந்துட்டேன் மாமு" என்றான் மெதுவாக. "தொயுகை போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"தெரியும். ஒளு இருக்கா? வந்து நில்லு."

கன்னியம்மாவின் தோளுக்குத் துணி கட்டி, தண்ணீர் கொடுத்து, படகோட்டி அப்பாவுவைத் துணைக்கு அனுப்பி அவளை வீட்டுக்குப் போகச் சொன்ன பிறகுதான் மேஸ்திரி பாய்க்குத் திரும்பினார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இடது கையை உயர்த்த முடியவில்லை.

"ஒரு கையோட கூடுமா மாமு?" என்று கமால் தயங்கினான்.

"கைய தூக்குறது சுன்னத்து. முடியாதவனுக்கு அதுல குத்தமில்ல. சொல்ல வேண்டியத நாக்கு சொல்லும், தரைல பட வேண்டியது நெத்தி. ரெண்டும் நல்லாத்தான் கீது."

வலது கையை மட்டும் காதுவரை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னார். பின்னால் எல்லோரும் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். உசேன் அவருக்கு நேர் பின்னால் நின்றான். ஸஜ்தாவில் மேஸ்திரி ஒரு கையை ஊன்றி நெற்றியை வைத்தபோது வலி தோள்வரை ஏறியது. அவர் எதையும் அவசரப்படுத்தவில்லை. எப்போதும்போல் நிதானமாகவே எழுந்தார்.

ஸலாம் கொடுத்ததும் உசேன் கேட்காமலே எழுந்து, சரிந்த கட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினான்.

"இடுப்பளவு போதும்டா, அதுக்கு மேல அடுக்காதே" என்று மேஸ்திரி பாயிலிருந்தே குரல் கொடுத்தார்.