எல்டனின் வேட்டைத் திட்டம்

இந்த வருடம் மேல்பள்ளத்தாக்குக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகலாம் என்று அப்பா எல்டன் சொன்னபோதே மார்லிஸுக்கு எங்கோ இடித்தது. வண்டிப்பாதை முடிகிற இடத்திலிருந்து அது ஏழு மைல் ஏற்றம். அவருக்கோ எழுபத்தொன்பது வயது. தபால் பெட்டிவரை போய்வந்தாலே வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். செப்டம்பர் முழுக்கச் சமையலறை மேசையில் வரைபடம் விரிந்தே கிடந்தது.

"கூடாரம் இந்த ஓடைக்குப் பக்கத்துல. விடியறதுக்குள்ள இந்த மேட்டுல ஏறி உக்காந்துட்டா, மேய்ஞ்சுட்டுத் திரும்புறதுங்க உன் முன்னாடிதான் போயாகணும்."

"என் முன்னாடியா? அப்போ நீங்க எங்க இருப்பீங்க?"

"நானா? நான் இந்தப் பக்கம்." அவர் விரல் எங்கும் நிற்காமல் மலை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

எழுதி வைத்திருந்த சாமான் பட்டியலைப் பார்த்தாள். இரண்டு டப்பா காபித்தூள். வயிற்றுப் புண்ணுக்குப் பயந்து அவர் காபியை விட்டுப் பல வருடமாகிறது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரையோ பட்டியலிலேயே இல்லை. அவளுடைய பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். அவருடையது கொட்டகையில் சிலந்தி வலைக்குள் கிடந்தது.

ஒரு நாள் அவள் உள்ளே நுழையும்போது போனைப் படக்கென்று வைத்தார்.

"யாரு?"

"தப்பான நம்பர்."

"தப்பான நம்பர்கிட்டயா அவ்வளவு நேரம் பேசுனீங்க? வாசல்ல நின்னு கேட்டுட்டுதான் வர்றேன்."

"பாவம், நல்ல மனுஷன்" என்றார் எல்டன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா இறந்த குளிர்காலத்தில், மேல்பள்ளத்தாக்குப் பனியில் போய்ப் படுத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். திரும்பி வரும் எண்ணமில்லாமல்தான் இந்தத் திட்டமோ? அன்றே அவருக்குத் தெரியாமல், சுட முடியாதபடி துப்பாக்கியின் பூட்டுக் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு மாவு டப்பாவில் ஒளித்தாள்.

பத்து நாளாகியும் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. சந்தேகம் இப்போது வேறு பக்கம் திரும்பியது. வேட்டைக்குப் போகிற ஆள் துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இருப்பானா?

விடை தானாகவே வந்தது. கோவேறு கழுதைகளை வாடகைக்கு விடுகிறவன் அவளைப் போனில் கூப்பிட்டான். "அம்மா, ஏறப்போறவங்க எடை தெரியணும். உங்க தம்பி நூறு கிலோன்னு அப்பா சொல்லிட்டாரு. நீங்க எவ்வளவு?"

தம்பி கர்ட்டோடு அவள் பேசி நாலு வருடமாகிறது.

எல்டன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கர்ட் வர்றானா?"

அவர் திரும்பவில்லை. "கிளம்புற அன்னைக்கு முட்டி வலின்னு சொல்லி நான் நின்னுக்கலாம்னு இருந்தேன்."

"அம்மா சாகக் கிடந்தப்ப வேட்டைதான் பெருசுன்னு மலையை விட்டு இறங்காதவன் அவன். அவன்கூட நான் ஒரே கூடாரத்துல படுக்கணுமா?"

முட்டையைப் புரட்டப் போன அவர் கரண்டி பாதியில் நின்றது. அது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"அப்பா. இன்னும் என்ன மறைக்கிறீங்க?"

"அவன் கூப்பிட்டான், மார்லி. சிக்னல் கிடைக்கிற மேடுவரைக்கும் ஏறிவந்து கூப்பிட்டான். 'இறங்கி வரட்டுமா'ன்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். அம்மா தேறிட்டா, சூப் குடிச்சான்னு சொன்னேன்."

"குடிச்சாங்களா?"

"இல்ல."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அவன் வந்துட்டா அவ போகப்போறான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. மறுநாளே போயிட்டா. கல்லறையில நீ அவனை அத்தனை பேச்சுப் பேசுனப்ப அவன் என்னைத்தான் பாத்தான். நான் என் தொப்பியைப் பாத்துட்டு நின்னேன்."

"அவனும் வாயத் திறக்கலையே."

"என்னைக் காட்டிக் கொடுக்கலை. மலையில நீங்க ரெண்டு பேரும் தனியா இருந்தா அவனே உன்கிட்ட சொல்லிடுவான்னு நினைச்சேன். நான் சொல்லாம தப்பிச்சிடலாம்னு."

முட்டை கருகிப் புகைந்தது. மார்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். மூன்று நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாம் நாள் வந்து மேசை மேலிருந்த வரைபடத்தை மடித்தாள். வேறொன்றை விரித்து, வண்டிப்பாதையிலிருந்து அரை மைல்கூட இல்லாத ஒரு சமவெளியில் பென்சிலால் குறி போட்டாள்.

"மூணு பேரும் போறோம். நீங்க உங்க வாயால சொல்றீங்க, அவனை வச்சுக்கிட்டு."

"என் முட்டி..."

"வலிச்சா தூக்கிட்டுப் போறேன்."

"அவன் வருவானா?"

"கேட்டுட்டேன். வர்றேன்னான்."

அக்டோபர் கடைசியில் போனார்கள். முதல் நாள் காலையில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்டன் எல்லாவற்றையும் சொன்னார். "பரவால்லப்பா" என்றான் கர்ட். அவ்வளவு சீக்கிரமாக அவன் சொன்னதை மார்லிஸ் நம்பவில்லை. அவனைத் தன்னோடு மேட்டுக்கு அழைத்துப் போனாள். உறைந்த புல்லில் குப்புறப் படுத்தபடி, "கல்லறையில நான் பேசுனதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"மெதுவாப் பேசுக்கா, மான் ஓடிடும்" என்றான் கர்ட். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் அப்படியே கிடந்தான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் அதைத் தட்டிவிடவில்லை.

அன்று அவர்களுக்கு மான் கிடைக்கவில்லை. மறுநாள் கர்ட் ஒரு பெட்டை எல்க்கைச் சுட்டான். இறைச்சியை மூன்று பங்காகப் போட்டார்கள். அப்பாவிடம் மார்லிஸ் முகம் கொடுத்துப் பேசக் கிறிஸ்துமஸ் ஆயிற்று.