ஆடி அடங்காத கோடு

சிமெண்ட் ஆலை மேனேஜர் வைத்திலிங்கம், "டூட்டில தூங்கிட்டான்" என்று ஷிப்டே கேட்கச் சொல்லி ஆபரேட்டர் திருமுருகனை சஸ்பெண்ட் பண்ணினார். அன்றிலிருந்து என்ஜினியர் கீதாஞ்சலிக்கு மனசு ஆறவில்லை. தூங்கினானாம். சூளையின் சூடு ஏறி ஏறி இறங்கினால் அந்த மனுஷன் என்ன செய்வான்?

சூட்டைப் பார்த்துக் கரியைக் கூட்டுவதும் குறைப்பதும் கம்ப்யூட்டர். அதை விற்றவர்கள் கரியைக் கொஞ்சம் கூட்டி லேசாக ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள். திரையில் சூட்டைக் காட்டும் கோடு ஆடி அடங்கியது. கையெழுத்து, பிரியாணி, கிளம்பிவிட்டார்கள். பெரிய தட்டு விழுந்தால் அடங்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கரி விழுகிற வாய் முழுசாகத் திறந்தபின் அதற்குமேல் எங்கே திறக்கும்? சூடு பிந்தி ஏறும், வாய் பிந்தி மூடும், ஆட்டம் நிற்கவே நிற்காது.

மற்ற ஆபரேட்டர்கள் விவரமானவர்கள். ஆட்டம் தொடங்கியதும் மேனுவலுக்கு மாற்றிக் கையாலேயே கரியைக் கூட்டிக் குறைத்துக் கோட்டை நேராக்கி, மேனேஜர் வருவதற்குள் ஆட்டோவில் போட்டுவிடுவார்கள். மேனுவலைத் தொடக்கூடாது என்ற மேனேஜரின் உத்தரவை மதித்தவன் விக்கிரமங்கலத்துத் திருமுருகன் ஒருத்தன்தான். கோடு ஆடுவதைப் பார்த்த மேனேஜர் அவன் தூங்கிவிட்டான் என்றார்; மதித்ததற்குத்தான் இந்தப் பரிசு.

விசாரணைக்கு அவனைக் கண்ட்ரோல் ரூமுக்கு வரச் சொன்ன அன்று அரியலூரில் நல்ல மழை. நனைந்த கரி அடைத்து நின்று, மொத்தமாகச் சரிந்தது. கோடு எகிறியது. டூட்டியில் இருந்த ஆபரேட்டர் ராஜாவின் கை மேனுவல் பட்டனுக்குப் போனது.

"கைய எடுங்க ராஜா. சார் பாக்கட்டும்" என்றாள் கீதாஞ்சலி.

"தானா அடங்கிரும்மா" என்றார் வைத்திலிங்கம்.

"அடங்கட்டும் சார். இருந்து பாருங்க."

ஏறியது, இறங்கியது. மறுபடி அதே உயரம், அதே பள்ளம். அவர் கையிலிருந்த டீ ஆறிப்போனது.

"இப்ப யாரு சார் தூங்குறா?"

அவள் தலையசைத்ததும் ராஜா மேனுவலுக்கு மாற்றினான், கோடு படிந்தது. வைத்திலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, திருமுருகன் நாளைக்கு டூட்டிக்கு வரட்டும். இதப் பெருசு பண்ண வேணாம்."

விசாரணைக்கு வந்து கதவோரம் நின்றிருந்த திருமுருகன் நகரவில்லை. "தூங்கினேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க சார். வூட்டுல எம் பொண்டாட்டியே கேக்குறா. தூங்கலன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க, வரேன்."

வைத்திலிங்கம் கீதாஞ்சலியைப் பார்த்தார். அவள் கதவை அகலத் திறந்து, ஷிப்ட் மாற வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டாள்.