இரண்டாவது டாக்டரின் பெயர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துச் சீட்டில் கிடைத்தது. சந்தை நாளன்று ராசிபுரத்தில் இருமலோடு ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். என்னைப் பார்த்தவர் டாக்டர் அன்புச்செல்வி. சீட்டில் அச்சாகியிருந்த பெயரோ டாக்டர் சாரதாமணி. ஏன் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல ஒரு டாக்டர் பேருக்குத்தானுங்க லைசென்ஸ். இன்னொரு பேர் சேர்த்தா வருசத்துக்கு இருபத்திரெண்டாயிரம்" என்றார்.

மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் வரி: மழை வெறித்திருந்த அந்த மாலையில்...

(வேண்டாம். காலை பத்துக்கே அறுபது டோக்கன். மழைக்கு அங்கே இடமில்லை.)

கிளினிக்கின் சொந்தக்காரர் சாரதாமணியைக் கருமியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. எண்பது ரூபாய் ஃபீஸ். அதையும் பாதிப் பேரிடம் வாங்குவதில்லை. ஈ.சி.ஜி. மெஷினுக்காகச் சேர்த்து வைப்பவர். சந்தை நாளில் மட்டும் வரும் அன்புச்செல்விக்குக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு பெயர் எதற்கு என்று நினைத்தார். அவ்வளவுதான் தப்பு.

3

அந்தத் தப்பு, சந்தையில் கிழங்கு மூட்டை தூக்கும் கந்தவேலைச் சாய்த்தது. சாரதாமணி கொடுத்துவந்ததை மாற்றி அன்புச்செல்வி எழுதிய புது பிரஷர் மாத்திரையில் அவருக்குத் தலை சுற்றியது. மருந்துக்கடைக்காரர் சீட்டிலிருந்த பெயருக்குப் போன் செய்தார். சேலத்தில் கல்யாண மண்டபத்தில் இருந்த சாரதாமணி, தான் எழுதிய பழைய மாத்திரை என்று எண்ணி, "அதையே சாப்பிடட்டும்" என்றார். மறுநாள் கந்தவேல் கிழங்கு மூட்டையோடு விழுந்தார். (சாகவிட மனமில்லை. தோள் எலும்பு மட்டும்.)

அடுத்த சந்தை நாள். அன்புச்செல்வி கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

"அக்கா, என்ர பேர் இல்லாத சீட்டு இனி எழுத மாட்டேனுங்க. பேனாவுல எழுதறேன்."

"பழைய விவரமெல்லாம் இதுக்குள்ள இருக்குதே கண்ணு?"

"நீங்க படிச்சுச் சொல்லுங்க."

சாரதாமணி பக்கத்து அறையில் தன் கம்ப்யூட்டரைப் பார்த்து உரக்கப் படித்தார். "மாரக்காள்! சர்க்கரை முந்நூறு! மூலம்!"

வரிசை சிரித்தது. மாரக்காள் எழுந்து நின்றார். "ஏனுங்க டாக்டரம்மா, மூலத்தையாவது மெதுவாச் சொல்லக் கூடாதுங்களா?"

4

முடிவு (அ): அன்புச்செல்வி சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். எழுதினேன். அவரே மறுத்துவிட்டார். "நான் எதுக்குங்க போகோணும்? நான் பாத்தவங்களுக்கு நாந்தான் பொறுப்பு. அதைத்தான் சீட்டுல போடச் சொல்றேன்."

முடிவு (ஆ): சாஃப்ட்வேர் கம்பெனி இரண்டாவது பெயரை இலவசமாக...

(சிரிக்காதீர்கள். அடித்துவிட்டேன்.)

முடிவு (இ): சாரதாமணி கம்பெனிக்குப் போன் செய்கிறார். "ரெண்டாவது டாக்டர் பேர் சொல்லுங்க மேடம்" என்கிறது மறுமுனை. வாசலில் இன்னும் நாற்பது பேர். இருபத்திரண்டாயிரம் கட்டினால் ஈ.சி.ஜி. மெஷின் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். சாரதாமணி வாய் திறக்கிறார்.

இங்கே நிறுத்துகிறேன். அவர் சொல்ல வேண்டியதை நான் எழுதினால், மறுபடியும் ஒருவர் முடிவு இன்னொருவர் பெயரில் போகும். நீங்கள் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.