வைரத்துக்கு வந்த சோதனை

பெண் பார்க்கப் போவார்கள், மாப்பிள்ளை பார்க்க வருவார்கள். வைரத்தை வீட்டுக்குக் கூட்டி வந்து, தங்க வைத்து, அதன் குணம் எப்படி என்று பார்க்கிற தாய்க்குப் பிறந்தவன், டெல்லியின் லிஃப்ட் மெக்கானிக்குகளில் மதியழகன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கரோல்பாகில் ஆரிப் பாயின் நகைக்கடைக்குள் நுழையும்போது அவனுக்கு இது தெரியாது. அப்போது அவன் காற்றில் நடந்துகொண்டிருந்தான். ஒரு பக்கம் அம்மா செங்கம்மாள், இன்னொரு பக்கம் மேகலா. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். காதலித்த பெண்ணையும் பெற்ற தாயையும் ஒரே ஆட்டோவில் உட்கார வைத்துச் சண்டை இல்லாமல் இறங்கிய பெருமை அவன் முகத்தில் எண்ணெய் வழிகிற மாதிரி வழிந்தது.

மேகலா ஒரு தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். டெல்லியிலேயே, திரிலோக்புரியில் பிறந்தவள். மற்ற பெண்கள் மோதிரத்தைக் கண்ணாடியில் பார்ப்பார்கள். இவள் கைப்பையிலிருந்து ரப்பர் கிளவுஸ் கட்டு ஒன்றை எடுத்தாள்.

"இது எதுக்கு?" என்றார் ஆரிப், அறுவை சிகிச்சை தனக்குத்தானோ என்கிற மாதிரி.

"டியூட்டியில மோதிரம் போட விட மாட்டாங்க, பையா. ஆனா என்னைக்காவது கழட்ட மறந்துடுவேன். அப்ப கிளவுஸ் கிழியக் கூடாது."

முதல் மோதிரம். கல் நான்கு கொக்கிகள் மேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தது. கிளவுஸ் மாட்டினாள், கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஆரிப் பாயின் மேஜைமேல் கிழிந்த ரப்பர் குவிய ஆரம்பித்ததும் பக்கத்து நாற்காலி சேட்டம்மா தன் வியாபாரத்தை விட்டுவிட்டு இதை வேடிக்கை பார்த்தாள்.

கடைசியில் ஒன்று வந்தது. கல்லைச் சுற்றித் தங்கம் ஒரு வரப்பு மாதிரி ஓடியது. கல் எட்டிப் பார்த்ததே தவிர துருத்தவில்லை. மேகலா கிளவுஸை இழுத்து மாட்டினாள், விரல்களை மடக்கினாள், விரித்தாள். கிழியவில்லை. மறுபடி மடக்கினாள். பிறகு கிளவுஸைக் கழற்றிவிட்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி போடுகிற கை, மோதிரத்தை மூடி மூடித் திறந்து பார்த்தது.

"இதுதான் மதி," என்றாள் மெதுவாக.

பிறந்ததிலிருந்து அவள் எதையும் இதுதான் என்று கேட்டு வாங்கியவள் இல்லை என்பது மதியழகனுக்குத் தெரியும். அவன் நெஞ்சுக்குள் லிஃப்ட் ஒன்று கதவை மூடாமலேயே மேல் மாடிக்குப் போயிற்று.

அப்போதுதான் செங்கம்மாள் வாயைத் திறந்தாள்.

"இந்தக் கல்லு எந்த ஊர்ல பொறந்துச்சு, பாய்?"

மதியழகன் இந்தியில் மொழிபெயர்த்தான். "சூரத்," என்றார் ஆரிப். "இது லேப்ல வளர்ந்த வைரம், அம்மாஜி. அசல் வைரம்தான். மண்ணுக்குள்ள வளராம மெஷினுக்குள்ள வளர்ந்தது. அதனாலதான் விலை உங்களுக்குக் கட்டுப்படியாவுது."

"என்னைக்குப் பொறந்துச்சு?"

ஆரிப் பாய் முப்பது வருஷ வியாபாரத்தில் முதல்முறையாக ஒரு கல்லின் சான்றிதழில் பிறந்த தேதியைத் தேடினார்.

"நாளும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது," என்றாள் செங்கம்மாள். "வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது. வீட்டுல வெச்சுப் பாக்கணும். நல்லது நடந்தா வெச்சுக்கலாம். ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா திருப்பிக் குடுத்துட்டு ஒரு செவப்புக் கல்லு மோதிரம் வாங்கிக்கலாம்."

இந்த சாஸ்திரம் அவளுக்கு கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் கிடைத்தது. அங்கே பல வருஷம் ஒரு பெரிய அதிகாரி வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டம்மா வைரத் தோடு வாங்கிச் சோதிக்காமல் காதில் போட்டார்; அந்த வாரமே ஐயாவுக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தது. ஷில்லாங் எந்தத் திசையில் இருக்கிறது என்று செங்கம்மாளுக்குத் தெரியாது. வைரம் முறைத்துக்கொண்டால் ஆளை அங்கேதான் அனுப்பும் என்பது மட்டும் தெரியும்.

"மெஷின்ல பொறந்ததுக்கு தோஷம் எப்படிம்மா வரும்?" என்றான் மதியழகன்.

"உன் லிஃப்டும் மெஷின்தான். ஆயுத பூஜைக்கு அதுக்கு எதுக்குடா பொட்டு வைக்கிற?"

மதியழகன் இதை மட்டும் ஆரிப் பாய்க்கு மொழிபெயர்க்கவில்லை.

சனிக்கிழமை கடை மூடும்வரை திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆரிப் ஒப்புக்கொண்டார். அதோடு வைரத்தை வளர்க்கும் விதத்தையும் சொன்னார். எண்ணெய்ப் பசை பட்டால் மங்கிவிடும். சமையலறையில் கழற்றி வைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு, குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ், அவ்வளவுதான். மற்ற நகையோடு சேர்த்துப் போட்டால் அதையெல்லாம் கீறிவிடும். செங்கம்மாள் பிரசவ வார்டில் கேட்கிற மாதிரி கவனமாகக் கேட்டாள்.

"அத்தை சொல்றதும் சரிதான்," என்றாள் மேகலா. மோதிரத்தைக் கழற்றும்போது மட்டும் விரல் கொஞ்சம் அடம் பிடித்தது.

கோட்லா முபாரக்பூரில் அவர்களுக்கு இரண்டு அறை. செங்கம்மாள் இட்லி மாவு அரைத்து ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்குப் போடுகிறாள். மோதிரப் பெட்டியை சாமி அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். "சோதனை முடியற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது," என்று உத்தரவும் போட்டாள்.

மறுநாளே வைரம் வேலையைக் காட்டியது. வசந்த் குஞ்சில் ஓர் அடுக்குமாடியின் லிஃப்டைப் பழுது பார்த்து, ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு பஞ்சாபி ஆன்ட்டியையும் அவருடைய நாயையும் ஏற்றிக்கொண்டு போன மதியழகன், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றான். லிஃப்ட் மெக்கானிக்கை லிஃப்டிலிருந்து மீட்க இன்னொரு லிஃப்ட் மெக்கானிக் வர வேண்டியிருந்தது. அதுவரை ஆன்ட்டி அவனுடைய படிப்பு, சம்பளம், ஊர் எல்லாவற்றையும் விசாரித்தார். நாய் அவனுடைய ஷூவை விசாரித்தது.

"இன்னைக்கு எப்படிடா இருந்துச்சு?" என்றாள் செங்கம்மாள், சாயங்காலம்.

"சூப்பர்மா. ஆபீஸே என்னைப் பத்திதான் பேசுது."

அதில் பொய் இல்லை என்று அவன் மனசாட்சியிடம் வாதாடி ஜெயித்தான்.

வெள்ளிக்கிழமை, சரோஜினி நகரில் மேகலாவுக்குத் துப்பட்டா வாங்கப் போன இடத்தில் டிராஃபிக் போலீஸ்காரர்கள் பைக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடந்தே வீட்டுக்கு வந்து, "உடம்புக்கு நல்லதுன்னு நடந்தேன்," என்றான். அம்மா சந்தேகப்படவில்லை. வழக்கமாக அவன் தும்மினாலே துருவுகிறவள், "நடக்கறது நல்லதுதான். எனக்கும் இன்னைக்கு ரொம்ப நல்ல நாளு," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனாள். ஒரு கையாலேயே சோறு போட்டாள். இன்னொரு கை முந்தானைக்குள் இருந்தது. இவன் தன் திருட்டுத்தனத்தை மறைப்பதில் மும்முரமாக இருந்ததால் அடுத்தவர் திருட்டுத்தனம் கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை காலை, நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய பட்டுச் சட்டையை இஸ்திரிக்காரர் முக்கோண வடிவில் பொசுக்கிக் கொடுத்தார். மதியழகன் அதை மெத்தைக்கு அடியில் புதைத்துவிட்டு, சூரத் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டான். இன்னும் ஒரு பகல்தான் கல்லே, கொஞ்சம் அடங்கி இரு. அவன் கண்ணுக்கு முன்னால் மேகலாவின் அந்த மோதிர விரல் வந்து வந்து போனது. அந்த விரலில் சிவப்புக் கல்லை மாட்டினாலும் அவள் சிரிக்கத்தான் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பார்க்க முடியாது.

சாயங்காலம் மேகலா வந்தாள். சொல்லாமல்தான் வந்தாள்.

"வார்டுல எல்லாரும் போட்டோ கேட்டு உயிரை எடுக்கறாங்க, அத்தை. ஒரே ஒரு போட்டோ, ஜல்தி எடுத்துட்டுப் போயிடறேன்."

"இப்ப வேணாம்மா," என்றாள் செங்கம்மாள். குரல் சரியில்லை.

"சோதனைதான் முடிஞ்சுதே," என்று மதியழகன் உற்சாகமாக அலமாரிக்குப் போனான். "நல்லதா நடந்துச்சு. ஒரு குறையும் இல்ல." பெட்டியைத் திறந்தான்.

உள்ளே வெல்வெட் மட்டும் இருந்தது.

மூன்று பேரும் வெல்வெட்டைப் பார்த்தார்கள். மதியழகன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். அவனுக்குள் கட்டி வைத்திருந்த அணை உடைந்தது.

"எல்லாம் என் தப்பு. லிஃப்டுல மாட்டினேன், சொல்லல. பைக்கைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, சொல்லல. சட்டை கருகிப்போச்சு, இதோ இந்த மெத்தைக்கு அடியில கெடக்குது. கல்லு தப்பாத்தான் இருந்துருக்கு. மறைச்சேன். அதான் அதுவே போயிடுச்சு."

"எது போச்சு?" என்றாள் செங்கம்மாள். "எங்கயும் போவல."

முந்தானையை விலக்கினாள். இடது கையின் மோதிர விரல் சுரைக்காய்ப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. அதன் நடுவில், மாவும் எண்ணெயும் அப்பி, மங்கலாக ஒரு வைரம்.

"சும்மா போட்டுப் பாத்தேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "நேத்து காலையில. ஒரு நிமிசம் போட்டுப் பாத்துட்டுக் கழட்டிடலாம்னு. அப்புறம் மாவு கரைக்க வேண்டியதாப் போச்சு. இழுத்துப் பாத்தேன், வரல. எண்ணெ தடவினேன், வரல. இழுக்க இழுக்க வீங்குது." மேகலாவிடம் திரும்பினாள். "வெட்டித்தான் எடுக்கணும்னா என் வெரலை வெட்டிடும்மா. மோதிரத்தை வெட்டாத."

மேகலாவின் முகம் மாறியது. வருங்கால மருமகள் போய் அவசர சிகிச்சைப் பிரிவு வந்து நின்றது.

"ரெண்டையும் வெட்ட மாட்டேன். கையைத் தலைக்கு மேல தூக்குங்க அத்தை. மதி, ஐஸ். அப்புறம் தைக்கிற நூல், நீளமா."

செங்கம்மாள் வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மதியழகன் ஐஸ் கொண்டு வந்தான். மேகலா விரலை உதறச் சொன்னாள், நிறம் பார்த்தாள், நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மோதிரத்திலிருந்து நகத்தை நோக்கி, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல இடைவெளியில்லாமல் நெருக்கமாகச் சுற்றினாள்.

"வலிக்குதா?"

"வலிக்கல." கண்ணில் தண்ணீர் நின்றது. "மேகலா, நான் அதைப் புடுங்கிக்கணும்னு போடலம்மா."

"எனக்குத் தெரியும் அத்தை."

"குவார்ட்டர்ஸ்ல இருந்த வருசமெல்லாம் அடுத்தவங்க வைரத்தைத் தொடச்சுத்தான் குடுத்துருக்கேன். போட்டா எப்படி இருக்கும்னு..."

"எப்படி இருந்துச்சு?"

செங்கம்மாள் யோசித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு. மாவு கரைக்கறப்ப ராணி மாதிரி இருந்துச்சு."

மதியழகன் ஐஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். கூரையில் ஒன்றும் இல்லை. கீழே பார்த்தால் அழுதுவிடுவான், அவ்வளவுதான்.

மேகலா அடிப்பக்கத்து நூல் முனையைப் பிடித்து மெல்லச் சுற்றி அவிழ்க்க ஆரம்பித்தாள். சுற்று சுற்றாக நூல் பிரியப் பிரிய, மோதிரம் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. மூட்டருகே நின்றது. மேகலா இன்னொரு சுற்று அவிழ்த்தாள். பிறகு ஒரு வழுக்கல். மோதிரம் மேகலாவின் உள்ளங்கையில் விழுந்தது.

வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. குழந்தைப் பிரஷ் இல்லாததால் மதியழகனின் புது பிரஷ் பலியானது. மாவு கரைந்து போனதும் கல் ஒரு குலுக்குக் குலுக்கி விழித்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக நிறம் ஓடியது.

மதியழகன் கடிகாரத்தைப் பார்த்தான். கடை இன்னும் திறந்திருக்கும். கேட்டே ஆக வேண்டும். "அம்மா, திருப்பிக் குடுக்கணுமா?"

செங்கம்மாள் வீங்கிய விரலைத் தடவிக்கொண்டே அவனை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"லிஃப்டுல மாட்டின, உசுரோட வந்த. பைக்கு கெடைக்கும். சட்டை போனா சட்டை. எண்ணெ ஊத்தி இழுத்தும் இந்த வீட்டை விட்டுப் போவ மாட்டேன்னு புடிச்சுக்கிட்டிருந்த கல்லுடா இது. இதை விடவா ஒத்துக்கும்?" மோதிரத்தை எடுத்து மேகலாவின் விரலில் தானே மாட்டிவிட்டாள். "நாளைக்கு எல்லாரு முன்னாடியும் இவன் போடட்டும். இன்னைக்கு நான் போட்டுப் பாக்கறேன்."

மேகலா போட்டோ எடுக்க மறந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மதியழகன் தன்னையும் யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று ஐஸ் தட்டோடு நின்றான்.

"டேய்," என்றாள் செங்கம்மாள், மேகலாவின் தலைக்கு மேலாக. "பாய்க்குப் போன் பண்ணி, திருப்பிக் குடுக்கலன்னு சொல்லிடு. அப்படியே, இதே மாதிரி கொஞ்சம் பெரிய சைசுல இருக்குமான்னு கேட்டு வை. சும்மா. கேட்டு மட்டும் வை."