மோசமாக வாசிக்கும் ஊர்

தோணாமுனையில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் துவக்கு வைத்திருப்பவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாசிப்பு மோசமாக இருக்க வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். செட்டிபாளையத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக, நடுவில் ஒரு தெருவும் கண்ணகை அம்மன் கோயிலும் கொண்ட ஊர் அது. நெத்தலி விலை ஏறியதையும் இந்தச் சங்கதியையும் அங்கே ஒரே குரலில்தான் சொல்வார்கள். ஆமியோ இயக்கமோ, சத்தம் துவக்குக்காரர்களுக்குக் கேட்கும்; ஆனால் அது பக்கத்து வளவில் இருந்து வருகிறது என்றே அவர்களுக்குத் தோன்றும். பக்கத்து வளவுக்குப் போனால் அதற்கும் பக்கத்து வளவு. இப்படியே தேடித் தேடிப் போய் வாவிக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றவர்களும் உண்டு.

இதை முதலில் கண்டுபிடித்தவர் சங்கக்கடை மனேச்சர் இளையதம்பி என்பார்கள், அவரும் மறுத்ததில்லை. ஆர்மோனியம், வயலின், புல்லாங்குழல், தவில், கிற்றார் என்று காத்தான்குடிப் பழைய சாமான் வியாபாரி அசனார் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் இளையதம்பி வாங்கிவிடுவார். ஒரு மாதத்துக்குள் அதில் ஒரே ஒரு பக்திப் பாட்டை, எப்போதும் அதே பாட்டை, அடையாளம் தெரிகிற அளவுக்கு வாசித்துவிட்டு அடுத்த வாத்தியத்துக்குப் போய்விடுவார். "அவர் படிக்காத வாத்தியமும் இல்ல, அவருக்குத் தெரிஞ்ச வாத்தியமும் இல்ல" என்று அவருடைய மனைவி கேதீஸ்வரி கிணற்றடியில் சொல்வாள். ஒருநாள் சுற்றிவளைப்பு நடந்தது. ஊர் ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் இருத்தினார்கள். இளையதம்பி மட்டும் தன் வீட்டு விறாந்தையில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். ஆமிக்காரர்கள் அவருடைய செருப்பை மிதித்துக்கொண்டு உள்ளே போய், அலுமாரியைக் குடைந்து, அதே செருப்பை மிதித்துக்கொண்டு வெளியே போனார்கள். பின்னேரம் முதுகு வெந்து திரும்பியவர்களுக்கு அவர் விளக்கம் சொன்னார்: நாதத்தோடு ஒன்றிப்போனால் உடம்பு மறைந்துவிடும். ஆண்கள் நம்பினார்கள். அடுத்த கிழமையே கானசபா தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர், உபதலைவர்கள் எல்லாம் தெரிவாகி, வாத்தியங்கள்தான் போதாமல் இருந்தன.

கேதீஸ்வரிக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. சமையலறை யன்னலால் தெரு முழுவதும் தெரியும். ஓரளவு ஒழுங்காக ஆர்மோனியம் வாசிக்கிற கோயில் ஐயரிடம் ரோந்துக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டை கேட்டதையும், சுதி எந்தப் பக்கம் என்று தெரியாத சபாச் செயலாளரை அவர்கள் ஒருநாளும் கேட்காததையும் அவள் கவனித்திருந்தாள். "இஞ்ச பாருங்க, நாதமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நீங்க பிழையா வாசிக்கிறதாலதான் அவனுகளுக்குத் தெரியல்ல" என்று ஒருநாள் புருஷனிடம் சொன்னாள். இளையதம்பி அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. சபாவிலும் பேசிப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை, அதுவும் ஒரு வாத்தியத்தைக் கையால் தொட்டறியாதவள், சங்கீதத்தைப் பற்றிச் சொன்ன கருத்து என்பதால் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குள், ஆமியோடு சண்டைபிடித்த இயக்கம் இரண்டாகப் பிரிந்த வருஷம் வந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று ஒரு பக்கம் கேட்டது. நீங்கள் அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு என்று மறுபக்கம் கேட்டது. கேதீஸ்வரிக்கு இரண்டு பிள்ளைகள்: ஓ.எல். சோதனை எழுதிவிட்டு நின்ற மதுரன், அவனுக்கு இளையவள் ஆர்த்திகா. இளையதம்பி மகனுக்கு ஒரு மிருதங்கத்தை வாங்கிக் கொடுத்து, தன்னுடைய தத்துவப்படி விடியவும் பொழுதுபடவும் சாதகம் செய்யவைத்தார். நன்றாக வாசிக்க வாசிக்க நன்றாக மறையலாம் என்பது அவர் கணக்கு. மதுரன் எடுத்த காரியத்தை இடையில் விடாத பிள்ளை. பக்கத்தில் அப்பா வயலினில் என்ன கூத்து நடத்தினாலும் தன் தாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டான். ஒவ்வொரு நாளும் தாளம் திருந்தத் திருந்த, கேதீஸ்வரி அடுப்பை விட்டுவிட்டு விறாந்தைக்கு வந்தாள். "மனே, கொஞ்சம் பிழையா அடியன்" என்று கெஞ்சினாள். "பிழையா அடிக்கிறதுக்கா அம்மா இவ்வளவு பாடுபடுறன்" என்று அவன் சிரித்தான்.

பிள்ளை பிடிக்க அவர்கள் வந்த அன்றைக்குத்தான் மதுரன் முதல் தடவையாகப் பாட்டு முழுவதையும் ஓர் இடமும் தட்டாமல் வாசித்தான். பக்கத்தில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த இளையதம்பி "சபாஷ்" என்றார். வந்தவர்களுக்கு விறாந்தையில் தனியாக இருந்து மிருதங்கம் வாசிக்கும் ஒரு பொடியன் மட்டும் தெரிந்தான். எழுப்பிக் கொண்டுபோனார்கள். மகன் எழுந்த பிறகும் இளையதம்பி வில்லை நிறுத்தவில்லை. இன்னும் உருக்கமாக வாசித்தால் பிள்ளை மறைந்துவிடுவான் என்று நம்பினார். அவர்கள் வந்த வான் வண்டி சந்தி திரும்பும் வரைக்கும் அந்தப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கேதீஸ்வரி தோணாப் பாலம் வரைக்கும் தலைவிரிகோலமாக வானுக்குப் பின்னால் ஓடினாள். அவளுக்கு அன்றைக்குத் துவக்குக்காரர்களைவிடப் புருஷன் மீதுதான் கொலைவெறி இருந்தது, அதை அவள் ஒளிக்கவும் இல்லை.

அதன் பிறகு நாதத்தோடு ஒன்றிப்போவது பற்றி யாரும் பேசவில்லை. சபா சத்தமில்லாமல் சட்டத்தை மாற்றிக்கொண்டது: எந்த வாத்தியமும் கைக்கு வரத் தொடங்கினால் உடனே அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, தெரியாத ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வாத்தியங்கள் கைமாறின. ஊர் முழுவதும் எல்லா வாத்தியமும் படித்தது, ஒன்றையும் உருப்படியாகப் படிக்கவில்லை. "என்ட மகன் புல்லாங்குழல நல்லா ஊதத் தொடங்கிட்டான் அக்கா" என்று தாய்மார், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதைப் போலச் சொல்லி அழுதார்கள். பட்டணத்தில் இருந்து சம்பளம் இல்லாமல் சங்கீதம் சொல்லித்தர வந்த ஒரு வாத்தியாரைக் கல்லெறிந்து துரத்தினார்கள். அசனாருக்கு மட்டும் வியாபாரம் நன்றாக நடந்தது. "தங்கச்சி, இந்த ஊருல பழுதான சாமானுக்குத்தான் மவுசு" என்று கேதீஸ்வரியிடம் சொல்லி, நரம்பு அறுந்த வீணையொன்றை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

ஆர்த்திகாவால்தான் கேதீஸ்வரிக்கு நெஞ்சிடி. அந்தப் பிள்ளைக்கு எது கொடுத்தாலும் வந்தது. காலையில் வயலினைக் கொடுத்தால் மத்தியானம் தெருவால் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். வீணைக்கு இரண்டு நரம்பு குறைந்திருந்தது, மிச்சத்தில் வாசித்தாள். காதில் விழுவதெல்லாம் அவளுடைய விரலுக்கு இறங்கிவிடும், அதை அவளால் தடுக்க முடியாது. இளையதம்பி தன்னுடைய வித்தை முழுவதையும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். அவர் எவ்வளவு கெடுத்தாலும் அதற்குள் இருந்த பாட்டு மட்டும்தான் அவளுடைய விரலுக்கு இறங்கியது; அவரைப் போல மோசமாக வாசிக்க அவளுக்கு வரவில்லை.

அந்த மார்கழித் திருவெம்பாவைக் காலம், விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் அடித்து ஊரை எழுப்பிவிட்டு வந்த பிள்ளைகள் தேத்தண்ணீர் குடித்து, கடற்கரை மண்டபத்தில் சபாவோடு சேர்ந்து ஒத்திகைக்கு இருந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். எல்லோரும் வழமைபோல மோசமாக வாசித்துக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. கடலின் கையில் துவக்கு இல்லை. அதற்கு எல்லோரும் தெரிந்தார்கள். கேதீஸ்வரியும் ஆர்த்திகாவும் வாவிக்கரையில் இறால் வாங்க நின்றதால் தப்பினார்கள். இளையதம்பியை ஒரு தவில் தென்னைமரங்களுக்கு மேலால் தூக்கிக்கொண்டுபோய், வாவியையும் கடந்து, படுவான்கரை வயல்வட்டையொன்றில் கதிருக்கு நோகாமல் இறக்கிவிட்டது. மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றி ஊரில் ஒருவரும் பகிடி விடுவதில்லை, இங்கேயும் விடப்போவதில்லை.

வாத்தியங்கள் எல்லாம் வாவிக்குள் போய்விட்டன. மாதக்கணக்காக வலையில் ஆர்மோனியக் கட்டைகள் மீனோடு மீனாக வந்தன. தகரக் கொட்டில்களுக்குள் வெறுங்கையோடு இருந்த சனத்தை எல்லாத் தரப்புத் துவக்குக்காரர்களுக்கும் பட்டப்பகலில் தெரிந்தது. மூன்று கொட்டில்களில் பிள்ளைகள் பறிபோன பிறகுதான் தொண்டு நிறுவனத்து லொறிகள் வந்தன. மனக்காயத்துக்கு மருந்து என்று சொல்லி, கண்டறியாத வாத்தியங்களை இறக்கினார்கள்: கோப்பை வடிவ ஆபிரிக்க மேளம், குழந்தைப்பிள்ளை அளவு கிற்றார், நெஞ்சில் கட்டி இழுக்கிற காற்றுப்பெட்டி. சனம் முண்டியடித்து வாங்கியதைப் பார்த்து, லொறியோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி கண்கலங்கினார். ஆறு மாதம் பழக்கியும் ஒருவருக்கும் தாளம் வரவில்லை என்றதும், காயம் மிகவும் ஆழம் என்று மேலிடத்துக்குச் சொல்லி இன்னும் இரண்டு லொறி வரவழைத்துத் தந்தார். சுனாமி நிவாரணத்தில் தோணாமுனைக்கு உண்மையாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

ஆர்த்திகா அந்த இரண்டு லொறி வாத்தியங்களையும் ஒரு வருஷத்தில் படித்து முடித்தாள். கடைசியாகக் காற்றுப்பெட்டி மிஞ்சியிருந்தது. அதுவும் பிடிபடத் தொடங்கிய அன்றைக்கு, தெருத் தொங்கல் முனையில் வாகனம் நிற்கிற சத்தம் கேட்டது. கொட்டிலுக்குள் காற்றுப்பெட்டி தேனாக ஒழுகிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுதழுது பிழைவிடப் பார்க்கிறாள், பிழை வரமாட்டேன் என்கிறது. கேதீஸ்வரி சட்டியை இறக்கி வைத்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாத்தியத்தை எடுத்தாள். ஆபிரிக்க மேளத்தைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து, மகளின் காதுக்குப் பக்கத்தில், மா இடிக்கிற மாதிரி இடித்தாள். கேட்பதெல்லாம் விரலுக்கு இறங்குகிற பிள்ளை அல்லவா. அம்மாவுடைய அடி காதில் விழுந்ததும் ஆர்த்திகாவின் விரல் இடறியது, பாட்டு நொண்டியது, பிறகு முழுதாகக் குப்புற விழுந்தது.

வாசல் தகரத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் மதுரன்.

வளர்ந்திருந்தான். கழுத்தில் கறுத்த நூல், தோளில் துவக்கு. இன்னும் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவன் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தான். கேதீஸ்வரியின் முகத்துக்கு நேரே பார்த்து, அவளைத் தாண்டிப் போய், அடுப்பில் நின்றது அவன் பார்வை. அவள் அடிப்பதை நிறுத்தினால் அவனுக்குத் தெரிவாள். நிறுத்தினால் ஆர்த்திகாவின் விரல் மறுபடியும் திருந்திவிடும், வாசலில் நின்றவர்களுக்குப் பிள்ளையும் தெரிவாள். துவக்கை அவன் ஒரு கணம் கீழே வைத்தால் போதும், அம்மாவைக் காணலாம். வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். தோணாமுனைப் பிள்ளைக்கு ஊர்ச் சங்கதி தெரியாதா? தெரிந்தும் இவ்வளவு காலமாக அவன் ஒருவரிடமும் வாய்திறக்கவில்லை.

"இஞ்ச ஒருத்தரும் இல்ல" என்று வாசல்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். பிறகு, அம்மா அடுப்புப் பக்கம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்து, வாய்க்குள் சொன்னான்.

"நிப்பாட்டாதீங்கம்மா."

சட்டியில் கிடந்த சோற்றில் ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டான், தண்ணீர் குடித்தான், செம்பைத் தாய்க்கு மறுபக்கத்தில் கவிழ்த்து வைத்தான், போய்விட்டான். கேதீஸ்வரி அடித்துக்கொண்டே இருந்தாள். வாகனம் போய், சத்தம் தேய்ந்து, ஆர்த்திகா காற்றுப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடிக்கும் வரைக்கும் அடித்தாள். உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

பிறகு கிழக்கில் சண்டை முடிந்தது என்றார்கள், இரண்டு வருஷம் கழித்து வடக்கும் முடிந்தது என்று வானொலியில் சொன்னார்கள். கேதீஸ்வரி முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாக மதுரனின் படத்தைக் கொண்டு திரிந்தாள். அப்படி ஒருவரைக் காணவில்லை என்று எல்லா மேசைகளிலும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். தோணாமுனைக்கு வீதி வந்தது, வீதி திறக்க அமைச்சரும் வந்தார். வரவேற்புக்குச் சபாவைக் கேட்டார்கள். இளையதம்பிக்குப் 'பல்வாத்திய வித்தகர்' என்று பட்டமும் கொடுப்பதாக ஏற்பாடு. மேடையில் அவர் நாதஸ்வரம் ஊதிக்கொண்டே மாலைக்குத் தலையைக் குனிந்தார்; அமைச்சரின் கையில் துவக்கு இல்லாததால் அவர் சரியாகத்தான் மாலையைப் போட்டார். மெய்க்காவலர்களுக்கோ ஒரு மாலை அந்தரத்தில் தொங்குவதுதான் தெரிந்தது. அவர்கள் பாய்ந்து மாலையைக் கைது செய்து, வித்தகரை அதற்குள் வைத்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் ஊதுவதற்கு மூச்சு இல்லாமல் போனபோது அவரைக் கண்டுபிடித்து, மன்னிப்புக் கேட்டு, பஸ்சுக்கு ஏற்றிவிட்டார்கள். அவர் இன்றைக்கும் அதை ஒரு கச்சேரியைப் போலத்தான் சொல்வார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஆளுக்கொரு வாத்தியத்தில் நிலைத்துவிட்டார்கள். சிலர் நன்றாகவும் வாசிக்கிறார்கள். ஆர்த்திகா சங்கீதம் படித்துப் பட்டம் பெற்று, இப்போது மேடைகளில் வயலின் வாசிக்கிறாள். கேதீஸ்வரி முன்வரிசையில் இருந்து கேட்பாள். மகள் முடித்ததும் மண்டபமே கைதட்டும்போது அவள் தட்டமாட்டாள். தட்டினால் தாளம் தப்பிவிடும், மண்டப வாசலில் எந்தத் துவக்கோடு யார் வந்து நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். வளையலைக் கழற்றிவிட்டாள். அம்மி குழவியை அயலுக்குக் கொடுத்துவிட்டாள். பின்னேரங்களில் தெருவைப் பார்த்துக் கதிரையைப் போட்டு, இரண்டு கைகளையும் மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு இருப்பாள். சந்தியில் இன்னும் காவலரண் இருக்கிறது. அங்கே நிற்கிற சிப்பாய்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும், சிலர் போகும்போது தலையாட்டிவிட்டும் போவார்கள்.

புதிதாக ஊருக்குக் கலியாணம் முடித்து வந்த மாப்பிள்ளை ஒருவர் அந்த வளவைத் தாண்டும்போது சைக்கிள் மணியை அடித்துவிட்டார். பின்னால் இருந்த மனைவி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "இவடத்த சத்தம் போடக்கூடாது" என்றாள். "கேதீஸ்வரியக்காட மகன் வரக்குள்ள அவ தெரியணும்." மாப்பிள்ளை ஓம் என்று தலையாட்டிவிட்டு, மெதுவாக மிதித்துக்கொண்டு போனார்.