மண்ணுக்கு அடியில் மதியத் தூக்கம்

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாத மதியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் என் ஆசை புரியும். அடுப்பு அணைந்த பிறகும் வீடு வேகும். அதனால், நகரசபை மஞ்சுநாத்தும் பெங்களூர் கம்பெனிப் பெண் ஸ்வப்னாவும் வந்து, கூரைமேல் மண் பரப்பிப் புல் வளர்த்தால் வீடு குளுகுளுவென்று இருக்கும், மாதிரிக்கு முதலில் உங்கள் வீடு என்று சொன்னபோது நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மண் நகரசபையுடையது, மற்றதெல்லாம் கம்பெனியுடையது. வாசலில் வைக்கும் பலகையில் யார் பெயர் மேலே வருவது என்று பல கூட்டம் போட்டார்கள். துருப்பிடித்த பழைய தகரத்தை மாற்றுவது யார் பொறுப்பு என்று மட்டும் கடைசிவரை முடிவாகவில்லை. அதனால் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, அதே தகரத்தின்மேல் பிளாஸ்டிக் விரித்து மண்ணைக் கொட்டிவிட்டார்கள். திறப்பு விழா அன்று குடும்பம் உள்ளே குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் பிரித்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றார் மஞ்சுநாத்.

என் வீட்டுக்காரர் ராஜப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மண் ஏறிய அன்றே கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசல் புங்கமரத்தடிக்குப் போய்விட்டார்.

“தலைக்கு மேல மண்ண வெச்சிக்கினு எவன் தூங்குவான்? அத்தினி வருஷம் கீழ இருந்து பொழச்சி வந்தது இதுக்கா?”

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சோறுகூடப் போடாமல் பார்த்தேன். மனுஷர் அசையவில்லை.

விழா அன்று அவரோடு வேலை பார்த்த எட்மண்டும் ஏசுபாதமும் வந்தார்கள். வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்திலும் உட்காருவதற்கு முன்னால் தலைக்கு மேலே உள்ள பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் உட்காரலாம், தொப்பென்றால் ஓட வேண்டும்.

உள்ளே மஞ்சுநாத் பேசிக்கொண்டிருக்கும்போதே எட்மண்ட் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக் கூரையைத் தட்டினார். மேலே மண் இருந்தால் தகரம் எப்படிக் கணீரென்று கேட்கும்? தொப்பென்றது. நம்பாமல் இன்னொரு முறை ஓங்கித் தட்டினார். துருத் தகரமும் அதன்மேல் விரித்த பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஓட்டையாயின. காலையில்தான் தண்ணீர் ஊற்றிய சேறு நேராக மஞ்சுநாத்தின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

“எல்லாரும் வெளிய போங்க,” என்று எட்மண்ட் கத்த, ஏசுபாதம் ஸ்வப்னாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலுக்கு வந்ததும் தகரம் உங்களுடையது என்று ஸ்வப்னாவும், பிளாஸ்டிக் உங்களுடையது என்று மஞ்சுநாத்தும் ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

“வீட்டுக்காரரே உள்ள இல்ல. வேற லைன் பாத்துக்கலாம், ஜெயம்மா,” என்று மஞ்சுநாத் என்னிடம் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே புங்கமரத்தடிக்குப் போனேன்.

“இன்னாய்யா மனுஷன் நீ? ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் நீ கீழ போயிட்ட. நான் மேல ஒத்தையா ஒக்காந்து ஆபத்துச் சங்கு ஊதுதான்னு காதக் குடுத்துக்கினு இருந்தேன். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா கீழ இருக்கலாம்னு கூப்புட்டா வரமாட்டியா?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். கட்டிலை உள்ளே போட்டு, ஓட்டைக்கு அடியில் குண்டானை வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க அவர் படுத்தார். ஸ்வப்னா போட்டோ எடுத்துக்கொண்டாள். தகரத்தை நகரசபையும் கம்பெனியும் சேர்ந்தே மாற்றித் தருவதாக மஞ்சுநாத் தலையாட்டினார்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டார். வீடு உண்மையாகவே குளுமையாக இருந்தது. நானும் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். கண்ணை மூட முடியவில்லை. அவ்வளவு மண்ணும் என் நெஞ்சுக்கு நேர் மேலே இருந்தது. முப்பது வருஷமும் இவர் இப்படித்தான் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாரா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை எழுப்பினேன்.

“யோவ், கட்டில வெளியவே போட்டுக்கலாமா?”

கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்.

“கம்முனு படு. நான்தான் கூட இருக்கேன்ல.”